பத்து ரூபாய் குறைந்த நாள்

ஒண்டிக்கடையில் வண்டி நின்றதும் பையை எண்ணினேன்.
பத்து ரூபாய்க் காசுகளில் ஒன்று
சட்டையைப் புரட்டிப் போட்டுக்கொண்டு வந்திருந்தது.
நம்முடையதில் வளையம் மஞ்சள், நடு வெள்ளை.
இதில் வளையம் வெள்ளை, நடு மஞ்சள்.
ஒரு பக்கம் யாரோ ராஜா,
மறுபக்கம் ஊசி ஊசியாய்க் கோபுரம்.

யார் கொடுத்தது?
அடிவாரத்தில் ஏறிய காலேஜ் பையன்களா,
பலாப்பழச் சாக்கோடு முன்சீட்டில் மல்லுக்கட்டிய ஆளா?
இருபது கொண்டை ஊசியிலும் நின்றபடி சீட்டுக் கொடுப்பவன்
முகங்களைப் பார்ப்பதில்லை,
கைகளைத்தான் பார்க்கிறான்.

குறைந்த பத்தை என் சட்டைப் பையிலிருந்து போட்டேன்.
வேடிக்கை என்னவென்றால்
அசல் பத்து ரூபாய்க் காசை நான் மீதியாக நீட்டினால்
"இது செல்லாதுங்க, தாளாக் குடுங்க" என்கிறது
இதே சனம்.
டிப்போவில் யாரிடமும் சொல்லவில்லை.
நஷ்டப்பட்டவன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள
அன்றைக்கு எனக்கு வரவில்லை.

இரண்டாம் ஞாயிறு, செவ்வாய்ப்பேட்டை,
குபேந்திரனின் கொலுசுப் பட்டறை மாடி.
மெஷின்களுக்கு லீவு.
தரையின் வெள்ளிப்பொடி வெறுங்காலில் ஒட்டும்.
போகும்போது தட்டிவிட்டுப் போகச் சொல்வார்,
விளையாட்டுக்கு அல்ல.

மெகருன்னிசா, மஸ்கட்டிலிருந்து தம்பி அனுப்பிய
பைசாக்களைக் கைக்குட்டையோடு அவிழ்த்தார்.
எஸ்டேட் கணக்கர் தெரஸ்நாதன்
ஓட்டை போட்ட டென்மார்க் காசுகளைக்
கறுப்புக் கயிற்றில் கோத்துவந்து
தாயத்து விற்பவரைப் போல ஆட்டிக் காட்டினார்.
அல்போன்ஸ் இருபத்தாறு வருஷம் உருக்காலையில்
காசுக்கான வெற்று வட்டு வெட்டியவர்.
ராஜா ராணியெல்லாம் அவருக்கு அப்புறம்,
முதலில் விளிம்பு.

நான் கடைசியில் எடுத்தேன்.
வெள்ளித் தராசில் எட்டரை கிராம்.
நம்முடையது ஏழே முக்கால்கூட வராது.
"கூடுதல் எடைக்குக் கூடுதல் டிக்கெட் போட்டீரா?"
இது குபேந்திரன்.
தாய்லாந்து என்று மெகருன்னிசா கண்டுபிடித்தார்.
வருஷத்தைப் பட்டியல் பார்த்துப் படித்தார்:
இரண்டாயிரத்து ஐந்நூற்று நாற்பத்தெட்டு.
"அப்போ இன்னும் அடிக்கவே இல்லையே இதை!"
புத்தர் கணக்கு என்று தெரிந்த பிறகும்
சிரிப்பு அடங்க நேரமானது.

அப்புறம்தான் செங்கோடனிடம் போனது.
ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டில் இருக்கிறார்,
பிறவியிலிருந்தே பார்வை கிடையாது.
ஆல்பம் வைப்பதில்லை,
பிளாஸ்டிக் உறை அவருக்குச் சுவர்.
அவர் காசுகள் மாத்திரை டப்பாவில் குலுங்கும்.
விளிம்பைச் சுற்றினார். ராஜாவைத் தாண்டினார்.
கோபுரத்தின் உச்சிக்கு மேலே
கட்டைவிரல் நின்றுவிட்டது.

"இங்க ஏதோ எழுதியிருக்கு."

எழுதியிருக்கிறதுதான், நாங்கள் படித்துவிட்டோம் என்றோம்.
"அதில்லை. ஒரு புள்ளி.
கொஞ்சம் தள்ளி மூணு புள்ளி."
திரும்பத் தடவினார்.
"பத்து."
பிறகு, கொஞ்சம் கடுப்பாக,
"எண்ணுக்கு முன்னாடி ஒரு குறி போடணும்.
போடாம விட்டுட்டான்."

பூதக்கண்ணாடி கைமாறியது.
ஒருவருக்கும் பேச்சில்லை.
ஐந்து பேர், பத்துக் கண்,
அரைமணி நேரமாக எங்கள் கையில்தானே இருந்தது.

"ஒரு மாசம் வெச்சிருந்து தரட்டுங்களா?"
கொடுக்க மனசில்லை, பொய் எதற்கு.
என் கைக்காசு பத்து ரூபாய் போட்டது அது.
"அடுத்த ரெண்டாம் ஞாயிறு கொண்டாந்துடணும்" என்றேன்,
வண்டியில் குழந்தைக்கு வயசு கேட்கிற அதே குரலில்.
மாத்திரை டப்பாவுக்குள்
புதுச் சத்தமாக விழுந்தது.

திங்கட்கிழமை முதல் நடை.
பதினொன்றாவது வளைவில் மூடுபனி,
உள்விளக்கு எரியவில்லை.
ஒரு பெண் நீட்டிய காசை வாங்கி
கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தேன்.
மேடு, பள்ளம், மறுபடி மேடு.
எதுவும் பிடிபடவில்லை.

"செல்லாதா கண்டக்டர்?" என்று கேட்டாள்,
தாளைத் தேடிப்
பையைத் திறந்தபடியே.